தூங்கிவிடாமல் ‘ஸ்டாக்கர்’ பார்ப்பது எப்படி

முதல் தடவை நான் தூங்கிவிட்டேன். ஒரு திரைப்படச் சங்கத் திரையிடல், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிளாஸ்டிக் நாற்காலி, வயிற்றில் மீன் குழம்புச் சோறு. திரையில் மூன்று பேர் ஒரு சிறிய தண்டவாள வண்டியில் உட்கார்ந்து எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடித் திறந்தேன். இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். மறுபடி மூடினேன். விளக்கு எரிந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே படம்தான். அவர் அழுதிருக்கிறார், நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

அந்த மனிதர் அப்படி என்னத்தைப் பார்த்துவிட்டார் என்ற எரிச்சல்தான் என்னை மெதுவாக நகரும் அறிவியல் புனைவுப் படங்களின் பக்கம் இழுத்தது. தார்க்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய இயக்குநர் எடுத்த அந்த ‘ஸ்டாக்கர்’ படத்தை நான் முழுதாகப் பார்த்து முடித்தது நான்காவது முயற்சியில். நடுவில் வேறு சில படங்களைப் பார்த்துப் பழகியிருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது. புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் செங்குத்தான பக்கமாக ஏறி விழ வேண்டாம் என்பதற்காக, நான் சுற்றி ஏறிய பாதையை எழுதிவைக்கிறேன்.

இந்தப் படங்களில் விண்கலம் இருக்கும், ரோபோ இருக்கும், வேற்றுக்கிரகவாசிகூட இருக்கலாம். துரத்தலும் வெடியும் அநேகமாக இருக்காது. ஒரு கேள்வியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். இதற்கு ஏன் இவ்வளவு நிதானம் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இது: இறந்துபோய்ப் பல வருடங்களான மனைவி, ஒரு நாள் கண் விழித்ததும் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இதோ, ஒரு வரியில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறிவியல் புனைவின் கற்பனைகள் பெரும்பாலும் இப்படி ஒரு வரியில் அடங்கிவிடுபவை. அந்த வரிக்குள் ஒரு மனிதன் குடிபோனால் அவனுக்கு என்ன ஆகும் என்பதைக் காட்டத்தான் இரண்டரை மணி நேரம் வேண்டியிருக்கிறது.

முதல் படி: வேளையைத் தேர்ந்தெடுங்கள்

சாப்பிட்டவுடன் உட்காராதீர்கள். என் மீன் குழம்பு அனுபவத்துக்குப் பிறகு இதை முதல் விதியாக வைத்திருக்கிறேன். வேலை முடிந்து களைத்து வந்து இரவு பத்தரை மணிக்குத் தொடங்குவதும் வீண். எனக்குச் சரிப்பட்டது விடுமுறை நாளின் அதிகாலை. மிக்ஸி ஓடாது, குக்கர் கூவாது, யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒலி இந்தப் படங்களில் பாதிக் கதையைச் சொல்வதால் நல்ல ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பது போதாது, அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஆலாபனையை ஓட்டிவிட்டுப் பல்லவியிலிருந்து கேட்டுவிட்டு, ராகம் மனத்தில் நிற்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிற ஆள் அவர். பத்து விநாடி தாவும் பொத்தானையும் மறந்துவிடுங்கள். தாங்க முடியவில்லை என்றால் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதில் குற்றமில்லை.

தமிழ் சப்டைட்டில் அரிதாகத்தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் படிக்க நேருமே என்று தயங்குகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: இந்தப் படங்களில் பேச்சு குறைவு. ‘ஸ்டாக்கர்’ மட்டும் விதிவிலக்கு. அதில் மூன்று பேரும் நின்று நின்று தத்துவம் பேசுவார்கள். அங்கே மட்டும் விட்டுப்போன வரிக்காகப் பின்னால் போய்ப் பாருங்கள்.

இரண்டாம் படி: 28 நிமிடத்தில் தொடங்குங்கள்

பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த ‘லா ஜெட்டே’ 28 நிமிடப் படம். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட்டது, மிஞ்சியவர்கள் நிலத்தடியில் வாழ்கிறார்கள். சிறு வயதில் விமான நிலைய மேடையில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை மறக்க முடியாத ஒருவனை, அந்த நினைவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். படம் முழுக்க அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான். மேலே ஒரு குரல் கதை சொல்கிறது.

என் அம்மா கூட உட்கார்ந்து பார்த்தார். “கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி இருக்கிறதே” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆல்பத்தில் ஒரு படத்திலேயே நாம் நின்றுவிடுவோம் அல்லவா, இந்த அத்தை இப்போது இல்லையே என்று? அப்படித்தான் இந்தப் படமும் நம்மை நிறுத்துகிறது. புகைப்படங்களுக்கு நடுவே ஒரே ஓரிடத்தில், படுக்கையில் இருக்கும் அந்தப் பெண் கண்ணைத் திறந்து சிமிட்டுகிறாள். சில விநாடிதான் அந்த அசைவு. எந்தப் படத்திலும் லட்சம் தடவை நடக்கிற காரியம். இங்கே எனக்கு முதுகு சில்லிட்டது. இருபது நிமிடம் அசைவைப் பட்டினி போட்டுவிட்டு ஒரு கவளம் தருகிறார் மார்க்கர். மெதுவான படங்களின் வித்தை என்ன என்பதை 28 நிமிடத்தில் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. பிடிக்கவில்லையா, நஷ்டம் அரை மணி நேரம்தான்.

மூன்றாம் படி: ஒன்றரை மணி நேரப் படங்கள்

டங்கன் ஜோன்ஸ் இயக்கிய ‘மூன்’ (2009) 97 நிமிடம் ஓடுகிறது. நிலவில் ஹீலியம்-3 என்ற எரிபொருளைத் தோண்டும் நிலையத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒருவனின் கதை. முழுப் படத்தையும் சாம் ராக்வெல் ஒருவரே தோளில் சுமக்கிறார். கதையில் முடிச்சும் திருப்பமும் உண்டு என்பதால் கை பிடித்து அழைத்துப்போகும். இதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை, முன்னோட்டத்தையும் பார்க்காதீர்கள்.

கொகொனாடா இயக்கிய ‘ஆஃப்டர் யாங்’ இன்னும் மென்மையானது. தத்தெடுத்த சீனச் சிறுமிக்கு அண்ணனாக இருக்க ஒரு ரோபோவை வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் அது செயலிழந்துபோகிறது. அப்பா பழுது பார்க்க அலைகிறார். தேயிலைக் கடை வைத்திருப்பவர் அவர். நம் ஊர் டீக்கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆளே வராத அமைதியான கடை. ரோபோவின் நினைவகத்தைத் திறந்து பார்த்தால், தினமும் சில விநாடி மட்டும் அது எதையோ சேமித்து வைத்திருக்கிறது. எதைச் சேமித்தது, ஏன் அதைச் சேமித்தது என்பதுதான் படம். ‘மூன்’ பிடித்தவர்களுக்கு எல்லாம் இது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இதுதான் ஒரு பிடி அதிகம் பிடித்தது.

நான்காம் படி: ‘அரைவல்’, கதவு வரை போகும் அந்த வழி

டெனி வில்நெவ் 2016இல் இயக்கிய ‘அரைவல்’ 116 நிமிடம். டெட் சியாங் 1998இல் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து எடுத்தது. உலகில் 12 இடங்களில் பிரம்மாண்டமான கலங்கள் வந்து நிற்கின்றன. அவற்றில் வந்தவர்களோடு பேச ஒரு மொழியியல் பேராசிரியரை அழைக்கிறார்கள்.

இந்தப் படத்தில் ஒரு பகுதியை உன்னிப்பாகப் பாருங்கள், கலத்துக்குள் முதன்முதலாக நுழைவதை. வில்நெவ் அவசரப்படவே மாட்டார். முதலில் ஹெலிகாப்டரிலிருந்து, மலையிலிருந்து வெண்பனி இறங்கும் பசும்புல்வெளியில், முட்டையை நீளவாக்கில் வெட்டியது போல ஒன்று நிற்கிறது. பிறகு கூடாரம், ஊசி, பாதுகாப்பு உடை. உடைக்குள் அந்தப் பேராசிரியையின் மூச்சுச் சத்தம். கூண்டில் ஒரு சிறு மஞ்சள் பறவை. கத்தரி போல் மடங்கி உயரும் மேடையில் நின்று மேலே போகிறார்கள். நீண்ட இருட்டுக் குழாய், தூரத்தில் வெள்ளை வெளிச்சம். சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கிறாள். அங்கே புவியீர்ப்பின் திசை மாறுகிறது, இதுவரை சுவராக இருந்தது தரையாகிறது.

வேறு இயக்குநராக இருந்தால் அரை நிமிடத்தில் உள்ளே கொண்டுபோய் ஜந்துவைக் காட்டியிருப்பார். இங்கே கலத்தின் வாசலுக்கு வந்து சேரும்போது நம் கை வியர்த்திருக்கும். இன்னும் எதையும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பயம் முழுவதும் நாம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர் அதற்கு இடம் மட்டும்தான் ஒதுக்கித் தந்தார்.

ஐந்தாம் படி: நீளமான ஷாட்டில் கண்ணுக்கு வேலை கொடுப்பது

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வெட்டே இல்லாமல் காட்சி நீண்டுகொண்டே போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்வது?

‘ஸ்டாக்கர்’ எடுத்த ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் ஒரு கருத்து இங்கே உதவும். ஷாட்டை வழக்கத்தைவிட நீட்டினால் பார்ப்பவருக்குச் சலிக்கும், இன்னும் நீட்டினால் ஆர்வம் பிறக்கும், அதற்கும் மேல் நீட்டினால் புதிதாக ஒரு தீவிரமான கவனம் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆக, சலிப்பு என்பது நடுவில் வரும் ஒரு நிலையம். அங்கே இறங்கிவிட்டால் ஊர் வராது.

இதைச் சோதித்துப் பார்க்க அவருடைய ‘சோலாரிஸ்’ (1972) படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பூமியில் ஒரு முன்னாள் விண்வெளி வீரர் நெடுஞ்சாலையில் காரில் போகிறார். அவ்வளவுதான், ஏறத்தாழ ஐந்து நிமிடம். எதிர்கால நகரத்துக்காக டோக்கியோவின் சாலைகளில் எடுத்தார்கள். நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முதல் நிமிடம் சாலையைப் பார்ப்பேன். அது அலுத்ததும் சட்டகத்தின் ஓரங்களுக்குப் போவேன்: சுரங்கப்பாதை விளக்குகள், மேலே குறுக்கிடும் பாலங்கள், பின்னிருக்கையில் இருக்கும் பையன். பிறகு காதுக்கு வருவேன். கார் சத்தம் மெல்ல மெல்ல வேறு ஏதோ இரைச்சலாக மாறிக்கொண்டிருக்கும். எப்போது மாறத் தொடங்கியது? இதைக் கேட்டுக்கொள்ளும் நேரத்துக்குள் இரவாகிவிடும், விளக்குகள் ஆறாக ஓடும், இரைச்சல் உச்சிக்குப் போகும். அங்கே ஒரு வெட்டு. கிராமத்து வீடு, மரங்கள், குளம், நிசப்தம். அந்த நிசப்தம் காதில் விழவே அந்த ஐந்து நிமிடமும் தேவைப்பட்டது என்று அப்போது தோன்றும். எனக்குத் தோன்றியது. தோன்றாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

மெதுவாக எடுத்துவிட்டால் ஆழம் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷாட் தொடங்கியபோது இருந்ததற்கும் முடிந்தபோது இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். திரையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும், அல்லது உங்களுக்குள் மாறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் சோகமான முகத்துடன் ஒருவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தால், அது வெறும் பாவனை. தயங்காமல் எழுந்துவிடுங்கள்.

ஆறாம் படி: ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’

ஸ்டான்லி குப்ரிக் 1968இல் வெளியிட்ட இந்தப் படத்தைத் திரையரங்கில் மறுவெளியீடாகப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கைபேசித் திரையில் மட்டும் வேண்டாம். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. 1956 முதல் 2008இல் இறக்கும் வரை இலங்கையில்தான் வாழ்ந்தார்.

தொடங்கி ஏறத்தாழ 25 நிமிடத்துக்கு ஒரு வசனமும் கிடையாது. வாலில்லாக் குரங்கு மனிதர்கள் தண்ணீர்க் குட்டைக்குச் சண்டை போடுவார்கள், ஓர் எலும்பு வானில் சுழலும், மறுகணம் விண்கலம் மிதக்கும். வால்ட்ஸ் இசைக்கு விண்கலங்கள் சுழலும்போது கதையைத் தேடாதீர்கள். பொறுத்துக்கொண்டால் ஹால் என்ற கணினி வரும். இந்தப் படத்தில் அன்பாகப் பேசும் ஒரே குரல் அதனுடையதுதான், அதுவே வயிற்றைப் பிசையும்.

நம் ஆட்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்தப் படத்துக்கு முறையான இடைவேளை உண்டு. விண்வெளி வீரர்கள் இருவர், கணினிக்குக் கேட்கக் கூடாது என்று ஒரு சிறு கலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுகிறார்கள். சத்தம் நின்றுபோகிறது. கண்ணாடிக்கு வெளியே இருக்கும் ஹாலின் பார்வையில், ஒருவர் உதடும் அடுத்தவர் உதடும் மாறி மாறித் தெரிகின்றன. ஹால் உதட்டசைவைப் படித்துக்கொண்டிருக்கிறது. இடைவேளை! நம் மசாலாப் படங்களில் பார்த்த எந்த இடைவேளைக் காட்சிக்கும் இது சளைத்ததில்லை. ஒரு சொல் இல்லை, ஓர் இசைத் துணுக்கு இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதற்கடுத்து ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1982இல் அமெரிக்கத் திரையரங்குக்கு வந்த பதிப்பில், மக்களுக்குப் புரியாதோ என்ற பயத்தில் கதாநாயகன் பின்னணியில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வருவார். 2007இல் வந்த ‘ஃபைனல் கட்’ பதிப்பில் அந்த விளக்கவுரை இல்லை. அதையே பாருங்கள். இரண்டையும் பத்து நிமிடம் ஓட்டி ஒப்பிட்டாலே, பார்வையாளரை நம்பாத படம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஏழாம் படி: தார்க்கோவ்ஸ்கி

முதலில் ‘சோலாரிஸ்’, பிறகு ‘ஸ்டாக்கர்’. இரண்டுமே இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டியவை. இரண்டையும் தயாரித்த மாஸ்பிலிம் நிறுவனமே தன் யூடியூப் பக்கத்தில் ஆங்கில சப்டைட்டிலுடன் வெளியிட்டது. இன்னொரு வசதி, இரண்டையும் இயக்குநரே இரண்டு பாகங்களாகப் பிரித்துவைத்திருக்கிறார். முதல் பாகம் ஒரு நாள், இரண்டாம் பாகம் மறுநாள் என்று பார்க்கலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

‘சோலாரிஸ்’ போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் 1961இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. லெம்முக்குப் படம் பிடிக்கவில்லை, இவர் எடுத்தது என் நாவலை அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ என்று குறைபட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. நாவலின் மையம் சோலாரிஸ் என்ற கிரகத்தை மூடியிருக்கும் விசித்திரக் கடல், படத்தின் மையம் குற்ற உணர்வு. அந்தக் கிரகத்தின் ஆய்வு நிலையத்துக்கு வந்த கெல்வின் என்ற உளவியலாளருக்கு முன் இறந்துபோன மனைவி ஹாரி தோன்றுகிறாள். அவள் உடையைக் கழற்ற உதவப்போனால், முதுகில் நாடா இருக்கிறது, அதை அவிழ்த்தாலும் திறப்பு இல்லை. கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. அவன் நினைவிலிருந்து கடல் அவளை உருவாக்கியிருக்கிறது, உடை எப்படித் திறக்கும் என்பது அவன் நினைவில் இருந்திருக்காது. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. அதே நிலையத்தில் காற்று வரும் துளையில் காகிதத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், இரவில் இலை சலசலப்பதைப் போல் கேட்க. ஊரைவிட்டுத் தொலைதூரத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் அந்தக் காகிதம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது ‘ஸ்டாக்கர்’ (1979). மூலம் ரஷ்ய எழுத்தாளர்களான ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் நாவல். வேலியிட்டு ராணுவம் காக்கும் ‘மண்டலம்’ என்ற இடம், அதற்குள் ஓர் அறை, அங்கே போனால் ஒருவரின் அடிமனத்து ஆசை நிறைவேறும். எழுத்தாளர் ஒருவரையும் பேராசிரியர் ஒருவரையும் கள்ளத்தனமாக உள்ளே அழைத்துப்போகிறான் வழிகாட்டி. எஸ்தோனியாவில் தாலின் நகருக்கு அருகே கைவிடப்பட்ட மின் நிலையங்களில் எடுத்தார்கள். முதலில் எடுத்த படச்சுருள் கழுவும்போது வீணாகிவிட, மறுபடி எடுத்த படம் இது. மொத்தம் சுமார் 142 ஷாட்கள்தான். சராசரியாக ஒரு ஷாட் ஒரு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது.

நான் தூங்கிப்போன தண்டவாள வண்டிக் காட்சி இதில்தான். நிமிடக்கணக்கில் அவர்களுடைய தலைகளின் பின்புறமும் கன்னமும் காதும் மட்டுமே தெரியும். படம் அதுவரை பழுப்பு நிறத்தில் ஓடும். சக்கரத்தின் ‘டக் டக்’ ஓசை, எட்வர்ட் ஆர்தெமியேவின் மின்னணு இசையாக எப்போது திரிகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நான்காவது முயற்சியில் எனக்கு அது கிடைத்தது. ஓசை மாறியதும் அந்த முகங்கள் வேறு மாதிரி தெரிந்தன. ஒருவர் பயப்படுகிறார், ஒருவர் கண் அசருகிறார். ஆம், எழுத்தாளருக்கும் கண் சொருகுகிறது. ஒரு வெட்டு, திரை முழுக்கப் பச்சை. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு நான் தவறவிட்டது அந்தப் பச்சையை.

மண்டலத்தில் அதன்பின் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து எதுவும் வராது. வழிகாட்டி ஒரு நட்டில் வெள்ளைத் துணியைக் கட்டி முன்னால் எறிவான், அது விழுந்த இடம் வரை நடப்பார்கள், மறுபடி எறிவான். புல்லைப் பார்த்துப் பயப்பட ஆரம்பிப்பீர்கள். அப்படிப் பயந்தால், படம் உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வெறும் புல்லாகவே தெரிந்தால் நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

முடிந்ததும் விளக்கக் காணொளிகளைத் தேடி ஓடாதீர்கள். மண்டலம் எதைக் குறிக்கிறது, கறுப்பு நாய் எதன் குறியீடு என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நாளைக்கும் இருப்பார்கள். அதற்குப் பதில் படத்தின் முதல் சில நிமிடங்களை மறுபடி போடுங்கள். பழுப்பு நிறப் படுக்கையறை, ஒரே கட்டிலில் மனைவி, மகள், கணவன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். வெளியே ரயில் போகிறது, டம்ளர் அதிர்ந்து நகர்கிறது. கடைசிக் காட்சியின் மேசை உங்களுக்கு இன்னும் நினைவில் இருக்கும். இப்போது அந்த டம்ளரை மட்டும் பாருங்கள்.